வாயில்லாப் புழு

மதிப்பிற்குரிய ஐயா,

சனிக் கோளின் துணைக்கோளான என்சிலாடஸில் உயிர் இருக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவன். வெயிலே எட்டாமல், பல கிலோமீட்டர் பனிக்கட்டிக்கு அடியில் எதைத் தின்று எது வாழும்? உங்களிடம் இதை எதிர்பார்க்கவில்லை.

க.

அன்புள்ள க. அவர்களுக்கு,

1977 பிப்ரவரி வரை கேட்டிருந்தால் நானும் உங்கள் கட்சிதான். அந்த மாதம் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே ஆல்வின் என்ற சிறு நீர்மூழ்கி சுமார் 2,500 மீட்டர் ஆழத்துக்கு இறங்கியது. தேடிப்போனது கடலடி வெந்நீர் ஊற்றை; விளக்கொளியில் தெரிந்ததோ சிப்பியும் நண்டும் மொய்த்துக் கிடந்த தரை. பயணக் குழுவில் உயிரியலாளர் ஒருவர்கூட இல்லை. கிடைத்த உயிர்களில் சிலவற்றைக் கெடாமல் வைக்க ரஷ்ய வோட்காவில் ஊறப்போட்டார்கள். (உங்கள் பள்ளி ஆய்வகத்துக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை.)

அங்கே வாழும் குழாய்ப்புழுவைப் பாருங்கள். ஆள் உயரம் வளரும். வெள்ளைக் குழாய், நுனியில் ரத்தச் சிவப்பாய்ச் செவுள். வளர்ந்த புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்கள், வெந்நீர் ஊற்றில் வரும், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடைக் கொண்டு அதற்குச் சமைத்துப் போடுகின்றன.

அந்தப் பாக்டீரியாவுக்கும் ஆக்சிஜன் வேண்டுமே, அது வெயில் தந்ததுதானே என்பீர்கள். நியாயம். அதுவும் வேண்டாத நுண்ணுயிர்கள் மாட்டின் வயிற்றில் இருக்கின்றன. ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் கிடைத்தால் போதும், மீத்தேனாக்கிப் பிழைத்துக்கொள்ளும்.

சுமார் 500 கிலோமீட்டர் விட்டமுள்ள என்சிலாடஸ், பனிக்கட்டிக்கு அடியில் இருக்கும் தன் கடல்நீரைத் தென்துருவப் பிளவுகள் வழியே தானே விண்வெளியில் பீய்ச்சுகிறது. 2015 அக்டோபரில், சனியைச் சுற்றிவந்த காசினி விண்கலம் 49 கிலோமீட்டர் உயரத்தில் அந்தத் தூவலுக்குள் புகுந்து போனது. ஹைட்ரஜன் இருந்தது. கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும்கூட இருந்தன. மீத்தேன் இருப்பதால் மாடு இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். பாறையும் வெந்நீருமே அதை உண்டாக்கக்கூடும். சாப்பாடு தயார் என்பதுவரைதான் என் வாதம். சாப்பிட ஆள் உண்டா என்பதைச் சோதிக்கும் கருவி காசினியில் இல்லை.

எரிபொருள் தீரும் நிலையில் காசினியை 2017 செப்டம்பர் 15 அன்று சனியின் வளிமண்டலத்தில் விழவைத்து எரித்துவிட்டார்கள். கட்டுப்பாடிழந்து என்சிலாடஸில் மோதினால், ஒட்டிக்கொண்டு போன நம் ஊர்க் கிருமி அங்கே குடியேறிவிடும் என்ற பயம். உயிரே வாழ முடியாத இடம் என்று நினைத்திருந்தால் இவ்வளவு மெனக்கெட்டிருப்பார்களா?