அட்மினில் ‘புக் ஆப்ஜெக்ட் (1)’ என்று வருகிறதா?

கேள்வி: பள்ளி நூலகத்துக்காக ஜாங்கோ என்ற பைத்தான் வலைக் கட்டமைப்பில் ஒரு ஆப் எழுதியிருக்கிறேன். அதன் நிர்வாகப் பக்கமான அட்மினில் எல்லாப் புத்தகங்களும் ‘புக் ஆப்ஜெக்ட் (1)’, ‘புக் ஆப்ஜெக்ட் (2)’ என்றே வருகின்றன. தலைப்பு, ஆசிரியர், பிரதிகளின் எண்ணிக்கை எல்லாம் தெரிய என்ன செய்வது?

பதில்: உங்கள் புத்தக மாடலில் (டேட்டாபேஸ் அட்டவணையை விவரிக்கும் கிளாஸ்) ‘எஸ்டிஆர்’ மெத்தட் இல்லை, முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்டு எழுதுவோமே, அதுதான். அது இல்லாவிட்டால் ஜாங்கோ கிளாஸ் பெயரையும் பதிவின் அடையாளமான பிரைமரி கீயையும் காட்டும். அந்த மெத்தடை எழுதி, தலைப்பை ரிட்டர்ன் செய்யுங்கள். டேட்டாபேஸில் எதுவும் மாறாது, மைக்ரேஷன் வேண்டாம். தலைப்பு மதிப்பே இல்லாமல் ‘நன்’ (None) ஆக இருக்க வாய்ப்பிருந்தால் மாற்றாக ஒரு சொல்லைக் கொடுத்துவிடுங்கள். ஸ்ட்ரிங் வராவிட்டால் டைப் எரர் வரும். முகப்பில் உள்ள சமீபத்திய செயல்கள் பட்டியலில் பழைய பதிவுகள் மட்டும் பழைய பெயரோடுதான் இருக்கும். அந்தப் பெயர் அப்போதே சேமிக்கப்பட்டுவிட்டது.

சரி, ஆசிரியர் பெயரையும் இதே மெத்தடில் ஒட்டிவிடலாமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். புத்தகம் கடன் கொடுக்கும் படிவத்தில் வரும் டிராப்டவுனும் இதே மெத்தடைத்தான் கூப்பிடுகிறது. அதில் 500 புத்தகங்கள் இருந்தால், ஆசிரியரைத் தேடி மட்டும் 500 குவெரி (டேட்டாபேஸ் தேடல்) கூடுதலாக ஓடும். அந்த மெத்தடில் புத்தகத்தின் சொந்த ஃபீல்டுகள் மட்டும் இருப்பதே நல்லது.

ஆசிரியருக்கு உரிய இடம் மாடல் அட்மின் கிளாஸில் இருக்கும் ‘லிஸ்ட் டிஸ்ப்ளே’. தலைப்பு, ஆசிரியர் என்று ஃபீல்டு பெயர்களை அதில் வரிசையாகக் கொடுத்தால் ஒவ்வொன்றும் பட்டியலில் ஒரு நெடுவரிசையாக வரும். ஆசிரியர் ஃபாரின் கீ (வேறொரு மாடலின் பதிவைச் சுட்டும் ஃபீல்டு) என்றால் ஜாங்கோ தானாகவே ஜாயின் போட்டு அதே குவெரியில் எடுத்துவிடும். ஆனால் அந்த ஃபாரின் கீயில் ‘நல்’ (மதிப்பு இல்லாமை) அனுமதித்திருந்தால் அப்படி எடுக்காது. ஆசிரியர் பெயர் தெரியாத நூல்கள் நூலகத்தில் இருக்கத்தான் செய்யும், அதனால் ‘லிஸ்ட் செலக்ட் ரிலேட்டட்’டில் ஆசிரியர் ஃபீல்டை நீங்களே குறிப்பிட்டுவிடுங்கள். ஒரு நூலுக்குப் பல ஆசிரியர்களை இணைக்கும் மெனி டு மெனி ஃபீல்டை லிஸ்ட் டிஸ்ப்ளே ஏற்காது. அதற்குப் பெயர்களைக் கோத்துத் தரும் மெத்தட் எழுதி, பட்டியலுக்கான பதிவுகளைத் தரும் ‘கெட் குவெரிசெட்’டில், தொடர்புடையவற்றை மொத்தமாக எடுக்கும் ‘பிரீஃபெட்ச் ரிலேட்டட்’ சேர்க்க வேண்டும்.

பிரதிகளை மெத்தடுக்குள் எண்ணினால் பழைய சிக்கலே திரும்பி வரும். பக்கத்துக்கு 100 வரிசை என்பது இயல்பு, ஆக 100 குவெரி. கெட் குவெரிசெட்டில் ‘அனோட்டேட்’, ‘கவுன்ட்’ போட்டு எண்ணி, மெத்தடில் அந்த மதிப்பை மட்டும் ரிட்டர்ன் செய்யுங்கள். ஜாங்கோ 3.2 முதல் மெத்தடுக்கு மேலே போடும் ‘அட்மின் டிஸ்ப்ளே’ டெக்கரேட்டர் இருக்கிறது. அதில் ‘டிஸ்கிரிப்ஷன்’ கொடுத்தால் நெடுவரிசையின் தலைப்பு ‘பிரதிகள்’ என்று தமிழிலேயே வரும். ‘ஆர்டரிங்’ கொடுத்தால் அதைக் கிளிக் செய்து வரிசைப்படுத்தலாம்.

அப்புறம் அந்த டிராப்டவுன். புத்தகங்கள் பெருகியதும் கடன் படிவத்தின் அட்மினில் ‘ஆட்டோகம்ப்ளீட் ஃபீல்ட்ஸ்’ வைத்துவிடுங்கள். தட்டச்சு செய்யச் செய்யத் தேடித் தரும். புத்தக அட்மினில் ‘சர்ச் ஃபீல்ட்ஸ்’ இருந்தால்தான் அது வேலை செய்யும். இல்லையென்றால் சிஸ்டம் செக்கிலேயே எரர் காட்டிவிடும்.