பெட்டிக்குள் மெலிந்த குரல்

அன்புள்ள அண்ணன்,

வீட்டில் பாட்டுக் கேட்க ஒரு சோடி ஸ்பீக்கர் செய்தேன். கீழ் ஒலிக்கு ஆறரை அங்குல வூஃபர், மேல் ஒலிக்குப் பட்டுத்துணிக் குமிழ் வைத்த ட்வீட்டர், இரண்டும் 8 ஓம். பெட்டியை ஊர்த் தச்சர் 12 மி.மீ. பிளைவுட்டில் அடித்துத் தந்தார். அளவு, திருவிழாவுக்கு ஸ்பீக்கர் செட் கட்டுகிற ஒருவரின் பெட்டியைப் பார்த்து எடுத்தது. ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கிற குரொஸ்ஓவர் கடையில் வாங்கின ரெடிமேட். பாஸ் வீடே அதிர வருகிறது, ஆனால் எந்தப் பாட்டுக்கும் ஒரே 'தும்'. பாடுகிறவரின் குரல் மெலிந்துபோய்க் கேட்கிறது, ச, ஷ எல்லாம் காதைக் குத்துகிறது. 12 அடி நீள அறையில் மூலைக்கு ஒன்றாக வைத்திருக்கிறேன். இன்னும் விலைகூடின வூஃபரும் ட்வீட்டரும் வாங்கினால் சரிவருமா?

க.,
களுவாஞ்சிக்குடி

அன்புள்ள தம்பி,

வாங்க வேண்டாம். கையில் இருக்கிறவையே போதும். விலைகூடினதைப் போட்டாலும் அதே பெட்டி, அதே குரொஸ்ஓவர், அதே மூலை என்றால் குரல் மெலிந்துதான் வரும். பெட்டி அடிக்க எனக்கு இரண்டு நாள் போனால், வூஃபரையும் ட்வீட்டரையும் ஒன்றோடொன்று சேர்த்துவைக்க இரண்டு மாதம் போகும். நீங்கள் அந்த இரண்டு மாத வேலையைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டீர்கள்.

குரலில் இருந்து தொடங்குவோம். முகப்புப் பலகையின் அகலத்தை நீங்கள் எழுதவில்லை. ஆறரை அங்குல வூஃபர் என்றால் 22 செ.மீ. அளவில் இருக்கும். அந்த அகலத்துக்கு, சுமார் 500 ஹேர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி பலகையில் பட்டு முன்பக்கமாகவே வரும். கீழே போகப்போக அலை நீளும். நீண்ட அலையைப் பலகையால் மறிக்க முடியாது, அது பெட்டியைச் சுற்றிப் பின்பக்கமும் போய்விடும். திறந்த வெளியில் இப்படி 6 டெசிபல் வரை இழப்பு வரும். ஆண் குரலின் நெஞ்சொலி முழுக்க அந்த 500க்குக் கீழேதான் இருக்கிறது. கடைக் குரொஸ்ஓவருக்கு உங்கள் பெட்டியின் அகலம் தெரியாது. குரொஸ்ஓவரில் வூஃபருக்குத் தொடராகப் போகிற கம்பிச் சுருளைப் பெரிதாக்கி, மேல்பகுதியைக் கீழ்ப்பகுதியின் மட்டத்துக்கு இறக்க வேண்டும். சத்தம் குறையும், 88 டெசிபல் வூஃபர் 84 அளவுக்கு வந்துவிடும். குறையட்டும். கோயில் வீதியில் கட்டுகிற குழல் ஸ்பீக்கர் ஊரெல்லாம் கேட்கவேண்டும், உங்களுடையது எட்டு அடிக்குக் கேட்டால் போதும்.

அப்புறம் அந்த 8 ஓம். வூஃபரின் முதுகில் அப்படி அடித்திருந்தாலும் அது எல்லா அதிர்வெண்ணிலும் 8 இல்லை. ஒத்ததிர்வில், அதாவது கூம்பு தானாகவே ஆட விரும்புகிற அதிர்வெண்ணில், 30, 40 ஓம் என்று ஏறும், பிறகு இறங்கும், 3000 ஹேர்ட்ஸ் பக்கம் கூம்பை ஆட்டுகிற குரல்சுருளின் தூண்டலால் திரும்பவும் ஏறும். ரெடிமேட் குரொஸ்ஓவரோ அந்த இடத்தில் மாறாத 8 ஓம் தடை ஒன்று நிற்பதாக நினைத்துச் செய்தது. அதனால் ஒதுங்க வேண்டிய இடத்தில் வூஃபர் ஒதுங்குவதில்லை, ட்வீட்டரின் எல்லைக்குள் போய்க் கத்துகிறது. ட்வீட்டர் பொதுவாகவே வூஃபரை விட மூன்று நான்கு டெசிபல் உரத்தது. முன்னால் தடை போட்டு இறக்காவிட்டால் ச, ஷ குத்தத்தான் செய்யும்.

1970களில் பிபிசி தன் வெளிக்கள ஒலிபரப்பு வாகனங்களுக்குள் வைத்துக் கேட்பதற்காக எல்எஸ்3/5ஏ என்ற சின்னப் பெட்டியைச் செய்தது. பேச்சுக் குரல் உண்மையாகக் கேட்கவேண்டும் என்பதுதான் அதில் முதல் நோக்கம். உள்ளே கெஃப் கம்பனியின் 5 அங்குல வூஃபர் ஒன்று, சின்ன ட்வீட்டர் ஒன்று, அவ்வளவுதான். ஆனால் அதன் குரொஸ்ஓவர் பலகையைப் பார்த்தால் இவ்வளவு சாமானா என்று இருக்கும். அந்த இரண்டுக்குமாக, அந்தப் பெட்டிக்காகவே, அளந்து அளந்து செய்தது அது. பெட்டிச் சுவரும் மெல்லிய பிளைவுட்தான். உட்புறம் கனமான தணிப்புத் தாள் ஒட்டி அதன் ரீங்காரத்தை அடக்கினார்கள். உங்கள் 12 மி.மீ. பலகைக்கும் அதையே செய்யலாம், பெட்டியை எறிய வேண்டியதில்லை.

ஒரே 'தும்'முக்கு இரண்டு காரணம் சேர்ந்திருக்கிறது. செட்காரரின் பெட்டி அவருடைய வூஃபருக்கானது. எந்த வூஃபருக்கு எத்தனை லீற்றர் பெட்டி, அதன் காற்று வெளியே வருகிற குழாய் எவ்வளவு நீளம் என்பதைக் கணக்காகவே போடலாம் என்று 1961இலேயே அவுஸ்திரேலியாவில் நெவில் தீல் எழுதிவிட்டார். வெளியே பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. 1971இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்று அதை மறுபடி அச்சிட்டது, சிட்னியில் ரிச்சர்ட் ஸ்மோல் அதை விரித்து எழுதினார், அதன் பிறகுதான் உலகம் முழுக்கப் பெட்டி செய்கிற முறையே மாறியது. உங்கள் வூஃபருக்குத் தரவுத்தாள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முதலில் அதன் ஒத்ததிர்வை அளந்துகொள்ளுங்கள். நகைக்கடைத் தராசில் நிறுத்த 10 கிராம் பிளாஸ்ரிசினைக் கூம்பில் நடுவைச் சுற்றிச் சமமாக ஒட்டி, ஒத்ததிர்வு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அந்த இரண்டு எண்ணில் இருந்து கூம்பின் எடையும் அதன் தொங்கலின் இளக்கமும் கணக்கில் வரும், ஒத்ததிர்வைச் சுற்றி ஓம் எப்படி ஏறி இறங்குகிறது என்றும் அளந்தால் மற்றதும் வரும். இன்றைக்கே ஒன்று செய்து பார்க்கலாம்: ஒரு பழைய மருதமுனைச் சாரத்தை இறுகச் சுருட்டிப் பெட்டியின் குழாயை அடையுங்கள். 'தும்' தெளிந்தால் குழாயின் கணக்குத்தான் பிழை.

தெளியாவிட்டால் அறை. 12 அடி நீளத்துக்கு 48 ஹேர்ட்ஸ் அளவில் அறையே ஒத்ததிரும். மூலையில் வைத்த ஸ்பீக்கர் அதை இன்னும் கிளப்பிவிடும். போனில் 48 ஹேர்ட்ஸ் ஒலியை எடுத்து அம்ப்ளிபயருக்குக் கொடுத்துவிட்டு, சுவரோரம் இருந்து அறை நடுவுக்கு நடந்து பாருங்கள். சுவரோரம் முழங்குவது நடுவில் ஏறக்குறைய இல்லாமல் போகும். ஸ்பீக்கரை மூலையில் இருந்து மூன்றடியாவது வெளியே எடுங்கள், உங்கள் கதிரையையும் பின்சுவரில் இருந்து தள்ளிப் போடுங்கள். திரைச்சீலையும் பாயும் உச்ச ஒலிகளை மட்டும் தின்னும், பாஸை ஒன்றும் செய்யாது. சீமெந்துச் சுவர் எதிரொலிக்கிறது என்றால் ஒரு தும்பு மெத்தையை நிமிர்த்திச் சாத்திப் பாருங்கள், குரல் அடங்கும்.

சரி, எல்லாம் செய்தபின் எதைப் போட்டுக் கேட்பது? நான் கூத்து ஒலிப்பதிவு ஒன்றை வைத்திருக்கிறேன். கூத்துக் களரியில் என் கையால் பதிந்தது. கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் மத்தளத்தோடு பாடுகிறார், பக்கத்தில் சல்லரித் தாளம். அன்று நேரில் கேட்டது காதில் இன்னும் இருக்கிறது. என் முதல் சோடியில் அதைப் போட்டபோது மத்தளத்தின் வலப்பக்கமான வலந்தலையும் இடப்பக்கமான தொப்பியும் ஒரே மாதிரி முழங்கின. அவர் இடக்கையால் என்ன வாசித்தார் என்றே தெரியவில்லை. எனக்கு அழுகையே வந்தது. அந்தக் கை நாற்பது வருடம் பழகின கை, நான் செய்த பெட்டி அதை அழித்துவிட்டது. சுருளை மாற்றி, தடையை மாற்றி, ஒவ்வொரு முறையும் அதே பதிவைப் போட்டேன். ஒரு நாள் தொப்பியின் அடி தனியாகத் தெரிந்தது, சல்லரி அடித்து ஓய்கிற இழையும் கேட்டது. அன்றைக்குத்தான் குரொஸ்ஓவரைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். நீங்களும் அதுவரை அதை வெளியே ஒரு பலகையில் விரித்தே வையுங்கள். சுருள்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக, தள்ளி வையுங்கள். பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதில் ஏறும்.

நம் கடலோரத்துக்கு ஒரு சொல். கூம்பின் ஓரம் ஸ்பொஞ்சாக இருக்கிற பழைய வூஃபரை வாங்கவே வாங்காதீர்கள். நான் வாங்கின ஒன்றில் விரலை வைத்ததும் ஊறின ரொட்டி மாதிரி விரலோடு வந்தது. றப்பர் ஓரம் நிற்கும். மரநாரை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகை மாரியில் விளிம்பால் ஊதும், உங்கள் பிளைவுட் நல்லது, வெட்டு விளிம்புகளுக்கு மட்டும் இரண்டு பூச்சு வார்னிஷ் அடியுங்கள். பூட்டுகிற முனைகளில் உப்புக்காற்றால் பச்சைக் களிம்பு பிடிக்கும், வருடத்துக்கு ஒரு தரம் சுரண்டித் துடையுங்கள்.

அளப்பதற்கு மைக் ஒன்று வேண்டும், மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஸ்பீக்கரை முற்றத்தில் இரண்டு மீற்றர் உயரத்தில் வைத்து, ஒரு மீற்றர் தள்ளி அதே உயரத்தில் மைக்கை வைத்தால், தரையில் பட்டுவரும் எதிரொலி ஏறக்குறைய 9 மில்லிசெக்கன் பிந்தித்தான் வரும். அதற்கு முன் வந்ததை மட்டும் வெட்டி எடுத்தால் 110 ஹேர்ட்ஸுக்கு மேலே உள்ளதை நம்பலாம். இப்போது மழையும் வாடையுமாக இருக்கிறது, முற்றத்தில் ஒன்றும் செய்ய முடியாது. தை பிறந்து காற்று அடங்கினதும் ஒரு விடியற்காலை பார்த்துக்கொள்ளலாம். மைக்கை என்னிடம் இருந்து எடுத்துக்கொண்டு போங்கள், கூத்துப் பதிவையும் தருகிறேன். வரும்போது அந்த ரெடிமேட் குரொஸ்ஓவரைக் கொண்டுவாருங்கள், அதில் எதைக் கழற்றிப் பாவிக்கலாம் என்று பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்