மிளகுத் தண்ணீரும் ஒரு பத்திரிகை ஆசிரியரும்

கேள்வி: கல்லூரி வாசலை மிதிக்காத, லத்தீன் தெரியாத துணி வியாபாரி லீவன்ஹூக், கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பார்த்தேன் என்று எழுதியதை லண்டன் விஞ்ஞானிகள் எப்படி நம்பினார்கள்? (வாசகர், கரூர்)

பதில்: கரூரில் இருந்துகொண்டு 'துணி வியாபாரி' என்பதைக் குறையாகச் சொல்லலாமா? இழையைப் பார்த்துத் தரம் சொல்ல லென்ஸைக் கண்ணில் வைப்பது ஜவுளித் தொழிலின் பழக்கம். ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்து லீவன்ஹூக் அந்தப் பழக்கத்தை விடவே இல்லை. கடுகளவு லென்ஸைத் தானே தேய்த்து, இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே பொருத்திக்கொண்டார். மிஞ்சியிருப்பவற்றில் சிறந்தது 260 மடங்குக்கு மேல் பெரிதாக்கிக் காட்டுகிறது.

மிளகு ஏன் காரமாக இருக்கிறது? 1676-ல் இதுதான் அவர் கேள்வி. நாக்கைக் குத்தும் கூரான துகள்கள் இருக்குமோ என்று மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டார். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் முள்ளைக் காணோம், தண்ணீர் முழுக்க நெளியும் உயிர்கள்! மனிதக் கண் முதலில் பாக்டீரியாவைப் பார்த்தது அதில்தான் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். ரசத்துக்கு மிளகு தட்டும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான்.

சரி, பார்த்ததை லண்டனுக்கு அவர் எந்த மொழியில் கடிதமாக எழுதினார்? தெருவில் பேசிய டச்சு மொழியில். தாய்மொழியில் எழுதினால் அறிவியல் ஆகாது என்பவர்களோடு இந்தப் பக்கத்தில் நான் எத்தனை முறை மல்லுக்கட்டினேன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். லத்தீனில் எழுதி அனுப்பு என்று, லண்டன் விஞ்ஞானிகளின் சங்கமான ராயல் சொசைட்டியின் பத்திரிகை ஆசிரியர் ஓல்டன்பர்க் அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பவில்லை. தானே உட்கார்ந்து சுருக்கி ஆங்கிலமாக்கி, 1677 மார்ச்சில் அச்சேற்றினார். ஆசிரியர் என்றால் அவர்தான் ஆசிரியர்!

நம்பினார்களா என்று கேட்டீர்கள். உடனே நம்பவில்லை. லீவன்ஹூக் லென்ஸ் ரகசியத்தையும் சொல்ல மாட்டேன் என்றுவிட்டார். அது அவர் தப்புதான். பதிலுக்குப் பாதிரியார், நோட்டரி உட்பட எட்டுப் பேரிடம் 'நாங்களும் பார்த்தோம்' என்று எழுதி வாங்கி அனுப்பினார். அப்புறம் சொசைட்டியின் விஞ்ஞானி ராபர்ட் ஹூக் லண்டனிலேயே மிளகை ஊறவைத்து, 1677 நவம்பரில் உறுப்பினர்களைக் கூட்டிக் காட்டினார். அதன்பிறகே சந்தேகம் ஓய்ந்தது.

ஓல்டன்பர்க் அதைப் பார்க்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன், செப்டம்பரில் இறந்துபோனார். அந்தக் கூட்டத்தில் முதல் ஆளாக லென்ஸுக்குள் பார்த்திருக்க வேண்டியவர் அவர்.