பீர் ஆலையில் பிறந்த பிஹெச்

வணக்கம். நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். அமிலம், காரம் பற்றிய உங்கள் கட்டுரையில், கரைசலின் புளிப்பைக் காட்டும் பிஹெச் அளவு ஒரு பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதை அப்படியே பத்தாம் வகுப்பில் சொல்லிவிட்டேன். ஒரே சிரிப்பு. மறுநாள் ஒரு பையனின் அப்பா வந்து, "சார், பாடத்துல இதெல்லாம் எதுக்கு?" என்றார். தகவல் சரிதானா? லாபத்துக்கு நடக்கும் கம்பெனி, கண்டுபிடித்ததை ஊருக்கு ஏன் சொல்லப்போகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வம்பில் மாட்டிவிட்டதற்கு மன்னியுங்கள். தகவல் சரிதான். ஆண்டு 1909, இடம் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடம், ஆள் அதன் வேதியியல் பிரிவுத் தலைவர் சோரன்சன்.

அவர் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். பீர் காய்ச்ச, மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, வெந்நீரில் ஊறவைக்கும்போது மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவது நொதிகள்தான். புளிப்பு கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ அவை சுணங்கிவிடும். எவ்வளவு அமிலம் ஊற்றினோம் என்ற கணக்கு இதற்கு உதவாது. கரைசலில் புளிப்புக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனி எவ்வளவு இருக்கிறது என்று தெரியவேண்டும். அந்த எண்ணை எழுதிப் பாருங்கள்: தூய நீரில் லிட்டருக்கு 0.0000001 மோல். நாள் முழுக்கப் பூஜ்ஜியம் எண்ணிக்கொண்டிருக்க முடியுமா? 10-இன் அடுக்கை மட்டும் எடுத்து, கழித்தல் குறியை விட்டுவிட்டு, 7 என்று எழுதினார். உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் 7 அதுதான். அந்த அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அடுத்தது, கம்பெனி ஏன் ஊருக்குச் சொல்லவேண்டும் என்ற கேள்வி. முதலாளி யாக்கப்சன் 1875-இல் அந்த ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். முக்கியமான எந்த முடிவையும் ரகசியமாக வைக்கக்கூடாது என்று அதன் விதியிலேயே எழுதிவைத்தார்.

1883-இல் அந்த விதிக்குச் சோதனை வந்தது. கார்ல்ஸ்பெர்க் பீரில் கெட்ட வாடையும் கசப்பும். அங்கிருந்த ஹான்சன் என்பவர், பீரை நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டில் காட்டு ஈஸ்ட் கலந்துவிட்டதுதான் காரணம் என்று சொன்னார். நல்லதைப் பிரிப்பது எப்படி? ஈஸ்ட் கரைசலில் தண்ணீர் விட்டு விட்டு, இரண்டு மில்லிலிட்டருக்கு ஒரு செல் என்ற அளவுக்கு நீர்க்கச் செய்தார். குடுவைக்கு ஒரு மில்லிலிட்டர் ஊற்றி, நன்றாகக் குலுக்கி, ஆடாமல் வைத்தார். பல குடுவைகளில் ஒன்றும் முளைக்காது. சிலவற்றில் இரண்டு மூன்று புள்ளிகள். ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்த குடுவை எதுவோ அதில் இருப்பது ஒரே செல்லின் வம்சம்! பணம் கொட்டும் தொழில் ரகசியம் இது. யாக்கப்சனோ அந்தச் சுத்தமான ஈஸ்ட்டைப் போட்டிக் கம்பெனிகளுக்கே கொடுத்தார். அவர் ஆரம்பித்ததும் வாங்கிவந்த ஈஸ்ட்டில்தான். 1845-இல் மியூனிக்கிலிருந்து கொண்டுவந்தார். வழியில் வண்டி நின்ற இடமெல்லாம் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தாராம். நம் வீட்டில் உறைமோர் வாங்குவது போலத்தான்.

ஆனால் உங்கள் சந்தேகமும் வீண் இல்லை. அயர்லாந்தின் டப்ளினில் இருக்கும் கின்னஸ் பீர் ஆலை வேறு ரகம். அங்கே 1899-இல் சேர்ந்த வில்லியம் காசெட்டும் நுண்ணோக்கியில் ஈஸ்ட் செல் எண்ணியவர்தான். நாலைந்து பார்லி வயல்களின் விளைச்சலை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் நம்பிக்கையாகப் பேசலாம் என்பது அவருடைய கேள்வி. விடையை 1908-இல் வெளியிட்டார். ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுதக் கம்பெனி விடாததால், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில். புள்ளியியலில் வரும் ஸ்டூடண்ட்ஸ் டி-டெஸ்ட் அதுதான். மாணவர்களுக்கென்று சுலபமாக்கிய டெஸ்ட் போல என்று கல்லூரி முடியும்வரை நான் நினைத்திருந்தேன். வாத்தியாரும் திருத்தவில்லை, பாவம், அவருக்கும் தெரியாதோ என்னவோ.