சீரியலுக்கு எழுதக் கூப்பிடுகிறார்கள்: கதையைக் கொடுக்கலாமா, வேலையை விடலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியை. வார இதழ்களில் சில சிறுகதைகள் வந்திருக்கின்றன. அதில் ஒன்றைப் படித்துவிட்டு சென்னையிலுள்ள ஒரு சீரியல் தயாரிப்பு நிறுவனத்திலிருந்து பேசினார்கள். "ஒரு வருஷத்துக்கான கதையை எழுதி மெயில் பண்ணுங்க, சேனல்ல பேசுறோம்" என்றார்கள். பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அனுப்பலாமா? எழுத்தை நம்பி வேலையை விடலாமா? பின்னால் நானே தயாரிப்பாளர் ஆக வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. அது நடக்கக்கூடியதா?

பதில்: வேலையை இப்போதைக்கு விட வேண்டாம். ஒரு வருஷக் கதையை மொத்தமாக எழுதி அனுப்பவும் வேண்டாம். ஆனால் அந்தத் தொடர்பை நழுவ விட்டுவிடாதீர்கள். திரும்ப அழைத்து, "இப்போது ஓடுகிற உங்கள் தொடர் ஒன்றுக்கு மாதிரியாகச் சில காட்சிகள் வசனம் எழுதித் தரட்டுமா? கதை டிஸ்கஷனில் வந்து உட்காரலாமா?" என்று கேளுங்கள். சீரியல் எழுத்தாளரின் பிழைப்பு நாள் தவறாமல் எபிசோட் கொடுப்பதில் இருக்கிறது. கதை ஐடியாவுக்கு என்று தனியாக அங்கே பெரிய விலை கிடையாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு ஆறு நாள் ஒளிபரப்பு என்றால் வருஷத்துக்கு 312 எபிசோட். சேனல்கள் ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம் வரைதான் விளம்பரம் போடலாம் என்பது விதி. அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம், டைட்டில், முன்கதை எல்லாம் போக 22 நிமிடம் அளவுக்குக் கதை வேண்டும். வருஷத்துக்குச் சுமார் 114 மணி நேரம். இரண்டரை மணி நேரப் படங்களாக எண்ணினால் 45 படம். இதை முன்கூட்டியே யாரும் எழுதி வைப்பதில்லை. சேனலில் ஒப்புதல் வாங்கப் போகும்போது கையில் இருப்பது ஒரு கதைச் சுருக்கம், முக்கியப் பாத்திரங்களைப் பற்றிய குறிப்பு, முதல் சில மாதங்கள் கதை எப்படிப் போகும் என்கிற ஒன்லைன். மீதியெல்லாம் ஓட ஓட உருவாகிறது.

உருவாகும்போது அதைத் திருப்புகிற கை ரேட்டிங். எந்தத் தொடரை எவ்வளவு பேர் பார்த்தார்கள் என்று கணக்கெடுக்கும் 'பார்க்' அமைப்பின் எண்கள் வியாழக்கிழமை வரும். அன்று டிஸ்கஷன் அறையில் பேச்சே வேறாக இருக்கும். போன வாரம் எந்த டிராக் (கதைக் கிளை) ஏறியது, எங்கே இறங்கியது, கல்யாணத்தை முன்னால் கொண்டுவரலாமா, போலீஸ் டிராக்கை மூடிவிடலாமா என்று சேனலின் ஃபிக்ஷன் குழுவும் தயாரிப்பு நிறுவனத்தின் கதைக் குழுவும் இயக்குநரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். நீங்கள் ஆறு மாதம் உட்கார்ந்து எழுதிய கதை, ஒளிபரப்பான மூன்றாவது மாதம் அடையாளம் தெரியாமல் போயிருக்கும். அந்த அறையில் நீங்கள் இருந்தால் அடுத்த திருப்பத்தை நீங்களும் சொல்லலாம். இல்லையென்றால் வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. பல ஸ்லாட்டுகளுக்குப் புதுக் கதையே தேவைப்படுவதில்லை. விஜய் டிவியின் 'பாக்கியலட்சுமி' பெங்காலியில் வந்த 'ஸ்ரீமொயி'யின் மறுஆக்கம். தமிழில் தொடங்கிய 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' மலையாளத்தில் 'சாந்த்வனம்', இந்தியில் 'பாண்டியா ஸ்டோர்' என்று போனது. ஒரு மொழியில் ஜெயித்த கதையை இன்னொரு மொழிக்குக் கொண்டுவருவதுதான் சேனலுக்குப் பாதுகாப்பான வழி. ஆனால் அந்தக் கதை மதுரை வீட்டிலோ கும்பகோணத்து வீட்டிலோ நடப்பதாக நம்ப வைக்க ஒருவர் வேண்டும். கொல்கத்தாக் குடும்பம் பேசுவதை அப்படியே தமிழில் போட்டால் ஒரு வாரம் தாங்காது. அந்த வேலைக்கு எப்போதும் ஆள் தேவை. உங்களைப் போல் ஒரு ஊரின் பேச்சைக் காதில் வைத்திருப்பவர் நுழைய வேண்டிய இடம் அதுதான்.

பத்திரிகை எழுத்திலிருந்து வந்தவர்களுக்கு இது புது வழியும் இல்லை. பாஸ்கர் சக்தி இதழியலிலும் சிறுகதையிலும் இருந்தவர். 2002-இல் சன் டிவியில் தொடங்கி 811 எபிசோட் ஓடிய 'மெட்டி ஒலி'க்கு வசனம் எழுதினார். பிறகு 'வெண்ணிலா கபடி குழு' போன்ற படங்களுக்கு எழுதப் போனார். மதுரையில் இருந்த இந்திரா சௌந்தரராஜன் தொடர்கதை எழுதிப் பெயர் வாங்கியவர். கே. பாலசந்தரின் மின் பிம்பங்கள் தயாரித்து, நாகா இயக்கிய 'மர்மதேசம்' அவர் எழுத்தில் வந்தது. வார இதழில் அடுத்த வாரம் வரை வாசகரைக் காத்திருக்க வைக்கப் பழகிய கைக்கு இந்தத் தொழில் சீக்கிரம் பிடிபடும்.

வசனம் எழுதுவது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு வாருங்கள். எபிசோட் வரிசைப்படி ஷூட்டிங் நடக்காது. ஷூட்டிங் வீடு எத்தனை நாளுக்குக் கிடைத்திருக்கிறது, எந்த நடிகருக்கு எத்தனை நாள் கால்ஷீட் என்பதை வைத்து நடக்கும். மாமியாராக நடிப்பவர் இரண்டு நாள்தான் இருக்கிறார் என்றால், பத்து எபிசோட்டுகளில் சிதறிக் கிடக்கும் அவருடைய காட்சிகள் எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு நாளைக்குள் வசனம் போய்ச் சேர வேண்டும். ஹீரோவுக்குத் திடீரென்று தேதி இல்லை என்றால், நேரில் நடக்க வேண்டிய சண்டையை ஃபோனில் நடத்தி எழுத வேண்டும். கையிருப்பு எபிசோட்டை 'பேங்க்' என்பார்கள். பேங்க் குறைந்த வாரத்தில் காலையில் எழுதிய காட்சியை மதியம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பத் தெரிந்திருப்பது இங்கே இலக்கணம் தெரிந்திருப்பதற்குச் சமமான தகுதி.

தமிழாசிரியை என்பதால் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். எழுதும்போது சரியாகத் தெரிகிற வாக்கியம் நடிகரின் வாயில் நிற்காது. ஒவ்வொரு காட்சியையும் எழுதியபின் சத்தமாகப் படியுங்கள். மூச்சு வாங்குகிற இடத்தில் வெட்டுங்கள். மாமியாரும் நாத்தனாரும் ஒரே மாதிரிப் பேசினால் அது வசனமே ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் யார் பேசுகிறார்கள் என்று தெரிய வேண்டும். சமைத்துக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே சீரியலைக் காதால் கேட்கிற பார்வையாளர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் எழுதுகிறோம், அதில் குறைவு ஒன்றும் இல்லை.

மாதிரிக்கு இப்படிச் செய்து பாருங்கள். அந்த நிறுவனத்தின் தொடர் ஒன்றை இரண்டு வாரம் விடாமல் பாருங்கள். சனிக்கிழமை எபிசோட் முடிந்ததும், திங்கள்கிழமை எபிசோட்டை நீங்களே ஐந்து காட்சிகளாக எழுதுங்கள். நான்கு நடிகர்கள், ஒரே வீடு, வெளிப்புறக் காட்சி கிடையாது. கடைசிக் காட்சி, பார்க்கிறவர் மறுநாள் வந்தே தீர வேண்டிய இடத்தில் நிற்க வேண்டும். அப்புறம் ஒளிபரப்பானதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இப்படி எழுதிய இரண்டு எபிசோட்டுகள், ஒரு வருஷக் கதையை விட உங்களைப் பற்றி அவர்களுக்கு அதிகம் சொல்லும். திருடுவதற்கும் அதில் ஒன்றும் இல்லை.

திருட்டு என்ற பயம் உங்கள் கேள்வியிலும் ஒளிந்திருக்கிறது, அது நியாயமான பயம். வெறும் கருவுக்குக் காப்புரிமை இல்லை. அதை எழுதி விரித்த வடிவத்துக்குத்தான் உண்டு. 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் - டீலக்ஸ் ஃபிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. எனவே "கூட்டுக் குடும்பத்தில் மூத்த மருமகள் படுகிற பாடு" என்று ஃபோனில் சொன்னால் உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. பாத்திரங்கள், சம்பவங்கள், திருப்பங்களோடு பத்துப் பதினைந்து பக்கம் எழுதிய வடிவம் உங்கள் படைப்பு. எழுதிய நொடியிலேயே உரிமை உங்களுடையது என்றாலும், தேதியோடு சான்று இருப்பது நல்லது. தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலோ, மும்பையிலுள்ள ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனிலோ உறுப்பினராகி கதையைப் பதிவு செய்யலாம். மத்திய அரசின் காப்புரிமை அலுவலகத்தில் இலக்கியப் படைப்பாகவும் பதியலாம். அதன் பிறகு அனுப்புகிற மெயிலில், எதற்காக அனுப்புகிறீர்கள், யார் கேட்டு அனுப்புகிறீர்கள் என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். அந்த இரண்டு வரி பின்னால் பெரிய துணை.

ஒப்பந்தம் என்று ஒன்று கைக்கு வந்தால், தொகைக்கு முன்னால் உரிமைப் பகுதியைப் படியுங்கள். நீங்கள் சம்பள ஊழியராக இல்லாதவரை, எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காமல் உங்கள் காப்புரிமை இன்னொருவருக்கு மாறாது. எத்தனை வருஷத்துக்கு என்று ஒப்பந்தம் சொல்லாவிட்டால் 5 வருஷம் என்றும், எந்த எல்லைக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் காப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, தியேட்டருக்கு வெளியே படைப்பு பயன்படும்போது ராயல்டியில் சம பங்கு கேட்கிற உரிமையை எழுத்தாளர் யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. வாரிசுக்கும், ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தரும் காப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டும்தான் முடியும். சட்டத்தில் இருப்பது எழுத்தாளர் கையில் காசாக வந்து சேர்வது இன்னும் பெரும்பாடுதான். அதனாலேயே மறுஒளிபரப்பு, யூடியூப், ஓ.டி.டி., பிறமொழி மறுஆக்கம் ஆகிய நான்கையும் பெயர் சொல்லி ஒப்பந்தத்தில் கேட்க வேண்டும். 2020 ஊரடங்கில் 'மெட்டி ஒலி' மறுபடி ஓடியதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தொடரின் ஆயுள் கடைசி எபிசோட்டோடு முடிவதில்லை.

டைட்டில் கார்டும் அப்படியே. கதை, திரைக்கதை, வசனம் மூன்றும் தனித்தனி வேலை, தனித்தனிப் பெயர். "முதல்ல எழுதுங்க, பேரு அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது இந்தத் தொழிலில் நான் மிக அதிகம் கேட்ட வாக்கியம், எனக்கு மிகவும் கோபம் வரவழைக்கும் வாக்கியமும் அதுதான். பெயர் இல்லாமல் நூறு எபிசோட் எழுதியவர் அடுத்த கம்பெனியில் மறுபடி புதியவர்தான். எழுதியவர் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, காப்புரிமையைக் கொடுத்த பிறகும் உங்களிடமே இருக்கிறது என்று சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொல்கிறது.

சம்பளம் எபிசோட் கணக்கில் இருக்கும். எழுதிக் கொடுத்ததற்கா, ஷூட் ஆனதற்கா, ஒளிபரப்பானதற்கா என்று கட்டாயம் கேளுங்கள். ஒளிபரப்பான பிறகு என்றால், சேனலிலிருந்து தயாரிப்பாளருக்குப் பணம் வரவே இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதற்குப் பிறகுதான் உங்கள் முறை. இதனால்தான் வேலையை விட வேண்டாம் என்றேன். பள்ளி நேரம் போக ஒரு தொடருக்கு உதவி வசனகர்த்தாவாக எழுத முடியும். உங்கள் பெயர் திரையில் வந்து, ஆறு மாதம் தொடர்ந்து பணம் வங்கிக்கு வந்து, ஒரு தொடர் நின்றால் வேறு தொடருக்குக் கூப்பிட இரண்டு பேராவது இருக்கிறார்கள் என்ற நிலை வரட்டும். அப்போது முடிவு செய்யுங்கள். ரேட்டிங் சரிந்தால் ஒரு மாத அவகாசத்தில் தொடரை முடிக்கச் சொல்லிவிடுவார்கள்.

சரி, தயாரிப்பாளர் ஆசைக்கு வருவோம். எழுத்திலிருந்தும் இயக்கத்திலிருந்தும் அங்கே போனவர்கள் இருக்கிறார்கள். 'மெட்டி ஒலி'யை இயக்கிய திருமுருகன் பிறகு திரு பிக்சர்ஸ் தொடங்கி 'நாதஸ்வரம்' எடுத்தார். 'கோலங்கள்' இயக்கிய திருச்செல்வம் பின்னாளில் தன் நிறுவனத்தின் வழியே 'எதிர்நீச்சல்' கொடுத்தார். உங்களுக்கு நெருக்கமான உதாரணம் கொல்கத்தாவில் இருக்கிறது. 'ஸ்ரீமொயி'யை எழுதிய லீனா கங்கோபாத்யாய் நாவலாசிரியர். மேஜிக் மொமென்ட்ஸ் என்ற நிறுவனத்தின் வழியே தயாரிப்பும் அவருடையது. இந்தியில் 'அனுபமா'வும் தமிழில் 'பாக்கியலட்சுமி'யும் அந்தக் கதையிலிருந்து பிறந்தவை. இவர்கள் எல்லோரும் முதலில் நூற்றுக்கணக்கான எபிசோட்டுகளைத் தோளில் சுமந்தவர்கள். பணத்தோடு வந்து நேராகத் தயாரிப்பில் இறங்கியவர்களின் கதை வேறு.

பணம் எப்படி ஓடுகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். ஒரு முறையில் தயாரிப்பாளர் சேனலுக்குக் கட்டணம் கட்டி ஸ்லாட்டை வாங்குவார். விளம்பர நேரத்தை விற்றுப் பணம் பார்ப்பார். விளம்பரம் வராவிட்டால் நஷ்டம் அவருடையது, தொடரின் உரிமையைக் கையில் வைத்திருக்கவும் இதில்தான் வாய்ப்பு அதிகம். இன்னொரு முறையில் சேனல் எபிசோடுக்கு இவ்வளவு என்று கொடுக்கும். விளம்பரக் கவலை இல்லை, ஆனால் தொடர் சேனலுடையது. தயாரிப்பாளருக்கு மிஞ்சுவது பட்ஜெட்டுக்குள் எடுத்து முடித்தால் கிடைக்கும் மீதி. இந்த இரண்டாவது முறையிலும் முதல் பணம் வர மூன்று மாதம் என்று வைத்தால், 78 எபிசோட் செலவை நீங்கள் முன்னால் போட வேண்டும். பேங்க் எபிசோட்டுகள் தனி. நடிகர் சம்பளம், யூனிட் பேட்டா, ஷூட்டிங் வீட்டு வாடகை, சாப்பாடு எல்லாம் நாள் கூலி மாதிரி, தள்ளிப்போட முடியாதவை. வட்டிக்கு வாங்கி இதைச் செய்தவர்கள் தொடர் நன்றாக ஓடும்போதே முழுகியிருக்கிறார்கள்.

ஆகவே முதலில் ஆசைப்பட வேண்டிய இடம் கதைக் குழுவின் தலைமை. ஓ.டி.டி.யில் அதற்கு இப்போது அதிக மதிப்பு இருக்கிறது. 2022-இல் அமேசான் பிரைமில் வந்த 'சுழல்' வெப் சீரிஸ் புஷ்கர் - காயத்ரி உருவாக்கி எழுதியது. எட்டு எபிசோட், இயக்கியவர்கள் பிரம்மாவும் அனுசரணும். எழுதியவர்கள் தொடர் முழுவதையும் கையில் வைத்திருந்து இயக்கத்தை வேறு இருவரிடம் கொடுத்த இந்த ஏற்பாடு, தமிழில் எழுத்தாளருக்குக் கிடைக்கக்கூடிய இடத்தை மாற்றுகிறது. வாய்ப்புகளின் எண்ணிக்கை குறைவு. சீரியல் போல மாதாமாதம் சோறு போடாது. சீரியலில் கை பழகிய பிறகு போகலாம்.

அந்த நிறுவனத்தை இந்த வாரமே அழையுங்கள். பேசுகிறவர் கதைக் குழுவைச் சேர்ந்தவரா, வெறும் தொடர்பாளரா என்று விசாரியுங்கள். எந்தத் தொடர், எந்தச் சேனல் என்று கேளுங்கள். மாதிரிக் காட்சிகளைக் காசில்லாமல் எழுதித் தரலாம், ஒன்றோ இரண்டோ எபிசோட் அளவுக்கு. அதற்கு மேல் கேட்டால் முன்பணம் கேளுங்கள். பணம் வரும்போது 10 சதவீதம் டி.டி.எஸ். (வருமான வரி முன்பிடித்தம்) பிடித்திருப்பார்கள், பான் எண்ணைச் சரியாகக் கொடுத்திருந்தால், பள்ளிச் சம்பளத்தோடு சேர்த்துக் கணக்குக் காட்டும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம்.