டிராயரில் கிடக்கும் கண்ணாடி

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு அறையே கதி, எந்நேரமும் புத்தகம். கண்ணாடிக் கால் ஒடிந்து ஆறு மாதமாக டிராயரில் கிடக்கிறது, கிட்டப்பார்வை, பவர் மைனஸ் 6. ஆனாலும் புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு படிக்கிறார். இப்படியே போனால் தனிமரமாக நிற்பார் என்று புரியட்டும் என, ‘தி ட்விலைட் ஸோன்’ என்ற பழைய அமெரிக்க டிவி தொடரின் ‘டைம் இனஃப் அட் லாஸ்ட்’ எபிசோடைப் போட்டுக் காட்டினேன். பாதியில் எழுந்து போய்விட்டார். பேரனிடம்கூடப் பேசாதவரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: டிராயரில் கிடக்கும் கண்ணாடியை ‘ஆனாலும்’ என்ற ஒரே சொல்லில் தாண்டிவிட்டீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை.

மைனஸ் 6 உள்ளவருக்குக் கண்ணாடி இல்லாமல் தெளிவாகத் தெரிவது சுமார் 17 செ.மீ. வரைதான். ஒரு சாணுக்கும் குறைவு. அதற்கு அப்பால் எல்லாமே புகை மூட்டம். சோபாவில் இருக்கும் பேரன் சிரிக்கிறானா, முறைக்கிறானா என்று அவருக்குத் தெரியாது. மூக்கருகே பிடித்த பக்கம் மட்டும் தெரியும். உங்கள் அப்பா புத்தகத்துக்குள் ஒளியவில்லை தம்பி, ஆறு மாதமாக அவர் கண்ணுக்கு அகப்படுவது அது ஒன்றுதான். எட்டடி தள்ளி இருக்கும் டிவியில் கறுப்பு வெள்ளைப் படம் போட்டால் பாதியில் எழாமல் என்ன செய்வார்?

1959 நவம்பரில் ஒளிபரப்பான அந்த எபிசோடை நீங்களாவது சரியாகப் பார்த்தீர்களா? பர்ஜெஸ் மெரிடித் நடித்த ஹென்றி பெமிஸ், வங்கிக் காசாளர். வேலை நேரத்தில் படிப்பதற்கு மேலதிகாரி திட்டுகிறார். சாஸ் பாட்டில் லேபிளைக்கூடப் படிக்க விடமாட்டாள் மனைவி. ஒரு நாள் கவிதை வாசித்துக் காட்டச் சொல்கிறாள். ஆசையாகத் திறக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் ஒவ்வொரு வரியையும் மையால் அடித்து வைத்திருக்கிறாள். அணுகுண்டு விழுவது அதற்குப் பிறகுதான். எல்லோரும் அழிந்த ஊரில் தனியாக மிஞ்சிய பெமிஸ், நூலகப் படிகளில் மாதவாரியாகப் புத்தகம் அடுக்கிவைத்து, ஒன்றை எடுக்கக் குனிகிறார். கண்ணாடி நழுவி நொறுங்குகிறது. “இது நியாயமே இல்லை” என்கிறார். இதைப் படிப்புப் பித்துக்குக் கிடைத்த தண்டனை என்று எடுத்துக்கொண்டு அப்பாவுக்குப் பாடமாகப் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். பெமிஸுக்குக் கண்ணாடி செய்து தர ஊரில் ஓர் ஆள் மிச்சமில்லை. உங்கள் அப்பாவுக்கு, வளர்த்து ஆளாக்கிய மகன் அடுத்த அறையில் இருக்கிறான். பெற்றவரின் கண்ணாடி உடைந்தால் அவர் கேட்கும்வரை காத்திருப்பது பிள்ளைக்கு அழகில்லை.

இன்றே டிராயரைத் திறங்கள். திருகு மட்டும் விழுந்திருந்தால் கடையில் சில நிமிட வேலை. காலே ஒடிந்திருந்தால் வேறு கால் பொருந்துமா, பழைய லென்ஸை வேறு ஃபிரேமில் வெட்டிப் போட முடியுமா என்று கேளுங்கள். புதியது வரும்வரை அது ஓடும்.

புதுக் கண்ணாடிக்குக் கடைக்கு முன் கண் மருத்துவர். இந்த வயதில் கண்புரை தொடங்கினால் மைனஸ் பவர் ஏறலாம். பழைய சீட்டை வைத்து லென்ஸ் போட்டால் காசுதான் வீண். மைனஸ் 6-க்கு விழித்திரையையும் பார்க்க வேண்டும். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், தனியாக அனுப்பாதீர்கள். கண்ணில் மின்னல் வெட்டுவதுபோலவோ, திரை விழுவதுபோலவோ இருக்கிறது என்றால் அன்றைக்கே ஓடுங்கள்.

ஃபிரேம் சிறிதாக இருக்கட்டும். பெரிய ஃபிரேமில் மைனஸ் லென்ஸின் ஓரம் தடித்துக் கனக்கும். 1.67 இண்டெக்ஸ் (ஒளியை அதிகம் வளைக்கும்) லென்ஸ் மெலிதாக வரும், விலை கூடுதல். கீழே போடும் கை என்றால் எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் கேளுங்கள். கருவிழிகளின் இடைவெளியையும் உயரத்தையும் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். ஒரு லென்ஸின் மையம் மற்றதைவிட 3 மி.மீ. இறங்கினாலே இந்தப் பவரில் தலைவலி வரும், “புதுசு ஒத்துக்கலை” என்று மறுபடி டிராயருக்குள் போகும். இதுவரை பைஃபோகல் (மேலே தூரத்துக்கு, கீழே படிக்க என்று கோடு பிரித்த லென்ஸ்) போட்டவரை, கோடில்லாமல் பவர் மெல்ல மாறும் ப்ரோக்ரெஸிவுக்கு மாற்றாதீர்கள், மாடிப்படியில் தடுமாறலாம். எதுவானாலும் இரண்டு ஜோடி வாங்குங்கள், ஒன்று உடைந்தால் மற்றது இருக்கட்டும்.

கடையில் மாட்டிவிட்டுத் தூரத்துப் போர்டைப் படிக்கச் சொல்வார்கள். அந்த நேரம் பேரன் எதிரே நிற்கட்டும்.