அம்மா அப்பாவோடு ஒரு வாரம்

வணக்கம் ஐயா,

நான் சுங்கை சிப்புட்காரன். அம்மாவும் அப்பாவும் ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் வெட்டி என்னைப் படிக்கவைத்தவர்கள், வெளியூர் என்று எங்குமே போனதில்லை. ஒரு வாரம் லீவு கிடைத்திருக்கிறது. கேமரன் மலை, பினாங்கு, லங்காவி, கோலாலம்பூர், மலாக்கா என்று வேனில் ஒரு சுற்றுப் போட்டிருக்கிறேன். அவர்களை அவசரப்படுத்தாமல் கூட்டிப்போக ஆசை. இந்தத் திட்டம் சரியா?

அன்புள்ள தம்பி,

சரியில்லை. ஒரு வாரத்தில் ஐந்து ஊர் என்றால் வேனில் ஏறுவதும் இறங்குவதும் தினமும் பை கட்டுவதும்தான் நடக்கும். ஐந்தையும் அடுத்த லீவுக்குத் தள்ளிவைத்துவிட்டு தைப்பிங்குக்குப் போங்கள். இவ்வளவு பக்கத்திலா என்று நினைக்க வேண்டாம், வழியிலேயே நேரம் தீர்ந்துபோகாமல் இருப்பதற்காகத்தான் பக்கத்து ஊரைச் சொல்கிறேன். உங்கள் ஊரில் நிற்கிற இடிஎஸ் மின்ரயிலைப் பார்த்து முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள், அங்கே ஒரே ஓட்டலில் வாரம் முழுக்கத் தங்குங்கள்.

காலையில் ஏரித் தோட்டம். பழைய ஈயச் சுரங்கக் குழிகள்தான் அந்த ஏரிகள், கரையில் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டித் தண்ணீர் வரை கிளை நீட்டி நிற்கும். தைப்பிங்கில் மழை அதிகம், பிற்பகலுக்கு எதையும் வைக்காதீர்கள், அப்பா தூங்கட்டும். ஒருநாள் கோலசெபெத்தாங். நாட்டின் முதல் ரயில் 1885-ல் தைப்பிங்கிலிருந்து அங்கேதான் ஓடியது, அப்போது அந்த ஊரின் பெயர் போர்ட் வெல்ட். பழைய ஸ்டேஷன் பலகையில் தமிழும் இருக்கிறது, அதை அப்பாவையே வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் கரிச்சூளை. சதுப்புநில மரத்தை நேராகக் கொளுத்தாமல், சூளை வாயில் தீ மூட்டி, அந்தச் சூட்டிலேயே மரத்தின் ஈரத்தை வாரக்கணக்கில் மெல்ல வெளியேற்றுவார்கள். வெளிவரும் புகையை வைத்தே பக்குவம் சொல்லிவிடுவார்கள்.

கோலகங்சாருக்கு மட்டும் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். 1877-ல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் இன்னமும் மரமாக நிற்கிறது. சுற்றுலா வேன் என்றால் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். ஆனால் வாழ்நாளெல்லாம் மரம் வெட்டிய உங்கள் அம்மா அதன் பட்டையைத் தொட்டுப் பார்க்காமல் வரமாட்டார். பேசவும் ஆரம்பிப்பார்: எந்த நிரை, விடிவதற்குள் எத்தனை மரம், மழை வந்தால் மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், இருந்த பால் என்ன ஆனது, கங்காணி என்ன சொன்னார் என்று. நீங்கள் கேட்டிராத கதையெல்லாம் வரும், அப்போது கடிகாரம் பார்க்காதீர்கள் தம்பி. அங்கேயே ஒட்டுக்கடையில் தே தாரிக் வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள்.

ஊர் திரும்பும் டிக்கெட்டைப் பிற்பகல் வண்டிக்கு எடுங்கள், கடைசிநாள் காலையில் யாரும் அவசரமாகப் பை கட்ட வேண்டியிருக்காது.